போர்டு மாமா

என் அண்ணனுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் தங்கைகள். அதில் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ, வரிசையில் எனக்குக் கடைசி இடம்.

அண்ணன் பெயர் காளிராஜ். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஊருக்கெல்லாம் அவர், எனக்கு அவன். நான் பாண்டிசெல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் குடியிருப்பில் இருந்துகொண்டு பிளவுஸ் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து போலீஸ் ஏட்டு. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. தாய்வீடு என்று நான் சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் இருப்பது அண்ணன் ஒருத்தன்தான். அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நாங்கள் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்சி முந்திக்கொண்டது.

ராஜபாளையத்தில் அவனுக்கு ஒரு மைக்செட் கடை இருந்தது. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இவன்தான் ஸ்பீக்கர் குழாய் கட்டுவான். பேச்சாளர் வருகிறவரைக்கும் மேடையில் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஒருமுறை பேச்சாளரின் கார் சிவகாசிப் பக்கம் எங்கோ பஞ்சராகிவிட்டது. கூட்டம் கலைகிற நேரத்தில் யாரோ, "ஏலே காளி, நீயே எதையாவது பேசி நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டார்கள். பேசினான். என்ன பேசினான் என்று இன்றுவரைக்கும் அவனுக்கே தெரியாது. ஆனால் கைதட்டினார்கள். பேச்சாளர் வந்து சேர்ந்தபோது மைக்கைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். மைக் அவனுடையது என்பதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியே கிளைச் செயலாளர் ஆனான், ஒன்றியச் செயலாளர் ஆனான், ஒருநாள் வேட்பாளராகவும் ஆனான்.

எதிரே நின்றவர் நேசையன். ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர், வயதானவர், நல்ல மனிதர். "உங்க ஒவ்வொரு வீட்டுக்கும் நான் மகன்" என்று சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்பார். தொகுதியில் உள்ள அத்தனை கிழவிகளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். முட்டுவலி மாத்திரை தீர்ந்துபோனால் பெற்ற மகனுக்குப் போன் போடமாட்டார்கள், நேசையனுக்குப் போடுவார்கள். அவரும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, இரண்டு திட்டும் வாங்கிக்கொண்டு வருவார்.

ஆக, மகன் போய்விட்டது. தம்பியையும் பேரனையும் மற்ற கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆலங்குளத்துச் சுயேச்சை ஒருவர் வேறு வழியில்லாமல் 'உங்கள் வீட்டு மருமகன்' என்று நோட்டீஸ் அடித்தார். வயசுப்பெண்கள் இருக்கிற வீடுகளில் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் திறந்த ஜீப்பில் கூமாப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்த உறவு ஒன்றே ஒன்றுதான்.

"தாய்மார்களே! எனக்கு நீங்க அம்புட்டுப் பேரும் கூடப்பொறந்த தங்கச்சி. உங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் தாய்மாமன். காதுகுத்துக்கு மாமன் மடி இல்லையேன்னு ஒரு தங்கச்சியும் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்தா இருக்கு மடி!" என்று தொடையில் ஓங்கித் தட்டினான்.

மைக்செட்காரன் அல்லவா, தட்டின சத்தம் பிளவக்கல் அணை வரைக்கும் கேட்டதாம். ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவர்கள் சொன்னதையெல்லாம் மறப்பது வழக்கம்தான். ஓட்டுப் போட்டவர்களும் மறந்துவிடுவார்கள். ரோடு, தண்ணீர், பாலம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களும் மறந்திருப்பார்கள். ஆனால் இவன் சொன்னது தாய்மாமன் மடியை. எங்கள் பக்கத்தில் அது விளையாட்டு இல்லை. மாமன் சீர்த்தட்டோடு மேளம் கொட்டி வரவேண்டும். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, அழுதால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசாரி ஊசியைத் தொடுவார். மாமன் வரவில்லை என்றால் நல்ல நேரம் போனாலும் போகட்டும் என்று காத்திருப்பார்கள்.

முதலில் வந்தவள் கூமாப்பட்டி வெங்கடேஸ்வரி. உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து, "அண்ணே, மடி வேணும்" என்றாள். அண்ணன் போய் உட்கார்ந்தான். அந்தப் படம் எல்லாருடைய போனிலும் சுற்றியது. மறுவாரம் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் முதியோர் பென்ஷன் கேட்டு வந்தவர்களைவிட மடி கேட்டு வந்தவர்கள் அதிகம். அண்ணன் தம்பி நாலு பேர் உள்ளவர்கள்கூட, "அவன்க கிடக்கட்டும், எம்.எல்.ஏ. மடின்னா பிள்ளைக்கு எதிர்காலம் நல்லாருக்கும்" என்று வந்தார்கள். கடைசியில் வத்திராயிருப்பில் நிஜத் தாய்மாமன்கள் கூடி, மடியை மீட்டுத் தரக்கோரி சாலை மறியல் செய்தார்கள். பந்தோபஸ்துக்குப் போன என் வீட்டுக்காரரே பாதி நேரம் அவர்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறார். அவரும் நாலு பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

இதில் இன்னொரு கஷ்டம். ஊசியைப் பார்த்ததும் பிள்ளைகள் மடியை நனைத்துவிடும். அண்ணன் வெள்ளை வேட்டிக்காரன். அவனுடைய பி.ஏ. கௌதம்ராஜ் காரின் டிக்கியில் மனு வைக்க இடமில்லாமல் வேட்டியாக அடுக்கிவைத்திருந்தான். அப்புறம் அண்ணன் என்னிடம்தான் வந்து நின்றான். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை நாலு மடிப்பாக வைத்து, நடுவில் ரப்பர் ஷீட் கொடுத்து, இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மடிமெத்தை தைத்துக் கொடுத்தேன். வேட்டிக்கு உள்ளே கட்டினால் வெளியே தெரியாது, வயிறு கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சொகுசாக உட்கார நான்தான் மெத்தை தைத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் என் மகளுக்குக் காது குத்தவில்லை.

என் மகள் வெள்ளத்தாய். தாயி என்று கூப்பிடுவோம். அவள் பிறந்த வருடம்தான் அண்ணன் ஜெயித்தான். காதை ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது. ஒரு வயதில் நாள் குறித்தோம். அன்றைக்கு அவன் கூமாப்பட்டியில் யாருக்கோ மாமனாக உட்கார்ந்திருந்தான். மூன்று வயதில் குறித்தோம். சட்டசபை கூடிவிட்டது, கொறடா உத்தரவு என்றான். சரி, நாட்டுக்காகப் போயிருக்கிறான் என்று நானும் டி.வி.யில் பார்த்தேன். அன்று முழுக்க அவன் செய்ததெல்லாம் மேசையைத் தட்டியதுதான். மொட்டை மட்டும் இருக்கன்குடிக் கோயிலில் போட்டு முடித்துவிட்டோம். அதற்கும் மாமன் மடிதான் வேண்டும் என்று நான் நின்றிருந்தால் தாயி இன்றைக்கும் பிறந்த முடியோடுதான் இருந்திருப்பாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளும் கம்மல் போட்டிருக்கிறார்கள் என்று என்னுடைய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு போவாள். வேர்த்தால் கழுத்துக்கு இறங்கிவிடும்.

மாமாவை அவளுக்கு நன்றாகத் தெரியும், போர்டில். பஸ் ஸ்டாண்டு போர்டில் கைகூப்பிக்கொண்டிருப்பார், ஆஸ்பத்திரி பக்கம் கையசைப்பார், தேரடியில் செல்போன் பேசுவார். நேரில் வரவே இல்லையென்று சொல்லமாட்டேன். வரும்போது அவள் தூங்கியிருப்பாள், இல்லையென்றால் அவனைச் சுற்றி இருபது வெள்ளை வேட்டிகள் நிற்கும். அதில் எது மாமா என்று தேடுவதற்குள் கார் கிளம்பிவிடும். அதனால் அவளுக்கு அவன் 'போர்டு மாமா'.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது என் கையை விட்டுவிட்டு போர்டுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எம்மா, போர்டு மாமாவுக்கு முதுகு இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் மாமன் தோளில் ஏறி யானை விளையாடும். என் பிள்ளை, மாமனுக்கு முதுகு உண்டா என்று கேட்கிறாள். அன்றைக்கே வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய், பிளவக்கல் போகிற வழியில் இருக்கிற எங்கள் கருப்பசாமி கோயிலில் நாள் குறித்துவிட்டேன். அந்த மாதத்தில் காது குத்த ஏற்ற நல்ல நாள் அது ஒன்றுதான்.

நல்ல நாள் ஒன்றுதான் என்பது கட்சிக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வாரம் கழித்துக் கௌதம்ராஜ் போன் செய்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீக. அன்னைக்கு அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துல மெகா காதணி விழா. ஆயிரம் பிள்ளைக. மந்திரி வாரார்."

போனைப் பிடுங்கி அண்ணன் பேசினான்.

"ஏட்டி செல்வி, மறுபடியும் டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதாங்கிறது அந்த மந்திரி கையிலதான் இருக்கு. இந்த விழாவைப் பார்த்துட்டுத்தான் மேல சொல்லுவாராம்."

"எனக்கு ஒரே ஒரு பிள்ளை. அதுக்கு ஒரே ஒரு மாமன். நீ யாருட்டயும் டிக்கெட் வாங்க வேண்டாம், பஸ்ல டிக்கெட் எடுத்து வந்தாப் போதும்."

"செத்த நேரம் பொறுமையாக் கேளு. ஏழு வயசுல குத்துவோம். அதுவும் ஒத்தப்படைதானே?"

"ஏழு வயசுல அவளே ஊக்கை எடுத்துக் குத்திக்கிடுவா. நீ உன் ஆயிரம் பிள்ளைகளோட நல்லாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு புடவையை மாற்றிக்கொண்டு நேராக நேசையன் வீட்டுக்குப் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ காளிராஜ் தங்கச்சிதானம்மா? வீடு மாறி வந்துட்டியா?"

"இல்லய்யா. என் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்ல. நீங்க வந்து மடி குடுக்கணும்."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் நான் மகன்னு சொல்லியிருக்கேன். அப்ப உங்க அம்மாவுக்கும் மகன். உங்க அம்மாவுக்கு மகன்னா உனக்கு அண்ணன். உனக்கு அண்ணன்னா உன் பிள்ளைக்குத் தாய்மாமன். முறையாத்தான் வருது. வாரேம்மா" என்றார்.

எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. சும்மா மிரட்டத்தான் போனேன், மனுஷர் அன்றைக்குச் சாயந்தரமே பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் எடுத்து, சீர்த்தட்டு தூக்கவும் ஆள் சொல்லிவிட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தத் தட்டுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ஏற்றினார்கள். 'சொந்த மருமகளுக்கே மடி தராத எம்.எல்.ஏ.' என்று கீழே எழுதியிருந்தது. அண்ணன் மறுபடி போன் செய்தான். குரல் மைக் இல்லாதவன் குரல் மாதிரி இருந்தது.

"ஏட்டி, என் மருமக எதிர்க்கட்சி மடியில உக்காருவாளா?"

"அவளுக்கு மடியில கட்சி பார்க்கத் தெரியாது. நீ வந்தா உன் மடி. வராட்டி அவிய மடி."

"வர முடியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

அந்தப் பக்கம் அவனுக்கு யாரோ கார் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அந்த நாள் வந்தது. மெகா விழாவுக்குப் பந்தோபஸ்து போட்டதில் என் வீட்டுக்காரருக்கு லீவு ரத்தாகிவிட்டது. ஆக, பிள்ளைக்கு மாமனும் இல்லை, அப்பனும் இல்லை. இருவரும் ஊர்ப் பிள்ளைகளின் காதுக்குக் காவலாக மைதானத்தில் நின்றார்கள். நான் கோயிலில் ஆட்டையும் ஆசாரியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நேசையன் மேளதாளத்தோடு வந்து இறங்கினார். சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள்.

அவர் பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். தாயி பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவுக போர்டு மாமா இல்ல."

"நானும் போர்டுல இருந்திருக்கேன் கண்ணு. நீ பொறக்கிறதுக்கு முன்னாடி" என்றார் நேசையன்.

அவள் நம்பவில்லை. பஞ்சுமிட்டாய் காட்டினோம், கொலுசைக் காட்டினோம். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆசாரி வானத்தைப் பார்த்தார், பிறகு செல்போனைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் மைதானத்தில் நடந்ததை எனக்கு என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அவர் கதையளக்கிற ஆள் இல்லை, எஃப்.ஐ.ஆர். எழுதுகிற மாதிரிதான் பேசுவார். அதனால் அப்படியே நம்பலாம்.

ஆயிரம் பிள்ளைகளும் அம்மாக்களோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரிகள் வரிசையாக ஊசியோடு தயார். மந்திரி வரவில்லை. அவர் வராமல் முதல் காதைக் குத்தக் கூடாது என்று உத்தரவு. அண்ணன் மடிமெத்தையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்து, தானே மைக்கைப் பிடித்து, "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பழைய தொழில் கைகொடுத்தது.

முதல் வரிசையில் வெங்கடேஸ்வரி இரண்டாவது பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கூமாப்பட்டியிலிருந்து வேனில் வருகிற வழியில் எங்கள் பந்தலைப் பார்த்திருக்கிறாள். எழுந்து நேராக மேடையில் ஏறிவிட்டாள்.

"அண்ணே, உங்க தங்கச்சி மகளுக்கு இன்னைக்குத்தான் காதுகுத்தாமே? கோயில்ல மேளம் கேட்டுச்சு. நீங்க இங்க என்ன பண்ணுதீக?"

அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மந்திரி வாரார்ம்மா" என்று முனகியிருக்கிறான். வெங்கடேஸ்வரி கையை நீட்டினாள். அவன், எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக, மைக்கை இன்னொருவரிடம் விட்டுக்கொடுத்தான்.

"ஏட்டி, எல்லாரும் கேளுங்க! கூடப்பொறந்தவ பிள்ளைக்கே இல்லாத மடி, நம்ம பிள்ளைகளுக்கு என்னத்துக்கு? எங்க அண்ணன் இப்ப அங்க போவாகளா, போகமாட்டாகளா?"

"போகணும்!" என்று ஆயிரம் தங்கைகளும் கத்தினார்கள். தொகுதி முழுக்க அவனிடம் ஒரே குரலில் கேட்ட ஒரே கோரிக்கை அதுதான்.

அண்ணன் எழுந்தான். கௌதம்ராஜ் கையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, டிக்கெட்டு, டிக்கெட்டு" என்றான். கட்சிக்காரர்கள் அண்ணனின் காருக்குக் குறுக்கே நின்றுகொண்டார்கள். என் வீட்டுக்காரர் போலீஸ் ஜீப்பின் கதவைத் திறந்து, "மச்சான், ஏறுங்க" என்றார். அரசாங்க ஜீப்பைச் சொந்தக் காரியத்துக்கு ஓட்டலாமா என்று பிறகு கேட்டதற்கு, எம்.எல்.ஏ.வுக்குப் பாதுகாப்பு கொடுத்ததாக எழுதிக்கொண்டேன் என்றார். ஜீப் நகர்ந்ததும், மாமன் சீர் இல்லாமல் தனியாகப் போனால் நம் மரியாதை என்னாவது என்று வெங்கடேஸ்வரி கேட்டாளாம். வந்த வேன்களிலேயே எல்லாரும் ஏறிவிட்டார்கள். மேடை முன்னால் அடுக்கியிருந்த சீர்த்தட்டுகளையும் ஆசாரிகளையும் பிரியாணி அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

இங்கே நான் தூணிலிருந்து தாயியைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். வத்திராயிருப்பு ரோட்டில் ஹாரன் சத்தம். புழுதி. முதலில் போலீஸ் ஜீப், பின்னால் கண்ணுக்கு எட்டினவரைக்கும் வேன். ஆசாரி ஊசியைப் பைக்குள் ஒளித்துவைத்தார். ஏதோ கலவரம் என்று நினைத்திருக்கிறார்.

ஜீப் நிற்பதற்குள் குதித்து அண்ணன் ஓடிவந்தான். ஓடின வேகத்தில் மடிமெத்தை ஒரு பக்கமாக இறங்கி இடுப்பில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஆயிரம் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு, தட்டும் கையுமாக இறங்கினார்கள். என் பிறந்தவீட்டுச் சனமென்று கல்யாணத்துக்கே ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். இன்றைக்குக் கோயில் வளாகம் கொள்ளவில்லை.

ஆனால் மாமன் உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார். நேசையனும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். பழக்கதோஷம். கூட வந்தவர்கள் இரண்டு பக்கமும் முண்டாசு கட்டத் தொடங்கினார்கள். பயந்துபோன ஆசாரி சமாதானமாக, "ரெண்டு காது இருக்கில்ல, ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

"என் பிள்ளை காதை யாரும் தொகுதிப் பங்கீடு பண்ண வேண்டாம்" என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

நேசையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மகன் எந்திரிச்சுக்கிடுதேன். மாமன் உக்காரட்டும். சீரைத் திருப்பித் தரவேண்டாம்மா, அது அண்ணன் குடுத்தது" என்றார். அப்படி ஒரு மனுஷருக்கு எதிராக ஓட்டுப் போட்டோமே என்று எனக்கு ஒரு நிமிடம் வருத்தமாக இருந்தது.

அண்ணன் உட்காரப் போனான். நான் தடுத்தேன்.

"மெத்தையைக் கழட்டு."

"ஏட்டி, வேட்டி..."

"நனைஞ்சா நனையட்டும். எம்பிள்ளை மெத்தையில உக்கார வரல."

அத்தனை பேர் முன்னாலும் வேட்டிக்குள் கைவிட்டு முடிச்சை அவிழ்த்து, மெத்தையை உருவி என் கையில் கொடுத்தான். உட்கார்ந்தான். மடியைத் தட்டவில்லை, பேசவும் இல்லை. கையை விரித்துவைத்துக்கொண்டு தாயியைப் பார்த்தான். முகமெல்லாம் புழுதி. போர்டில் இருக்கிற சிவப்பு இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. எனக்கே அவனைப் பார்த்து வெகுநாள் ஆனது போலிருந்தது.

தாயி தூணை விட்டு மெதுவாக வந்தாள். மடிக்குப் போகவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். வேர்வையில் ஒட்டின சட்டைமேல் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"எம்மா! மாமாவுக்கு முதுகு இருக்கு!"

சொல்லிவிட்டு அந்த முதுகிலேயே ஏறி, தோள்வழியாக மடிக்குள் சறுக்கி விழுந்தாள். அண்ணன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி குத்துவதற்கு முன்பே அவன் அழுதுவிட்டான். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாயி மட்டும் முதல் காதுக்கு அழவில்லை. இரண்டாவது காதுக்கு வட்டியும் முதலுமாக அழுது, வேட்டியையும் நனைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயந்தரம்வரை மரத்தடியில் ஆசாரிகள் மற்ற பிள்ளைகளின் காதைக் குத்தினார்கள். ஒரு மடி போதாது என்று நேசையனும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மடிமெத்தையை அவருக்குக் கட்டிவிட்டேன். மந்திரி மைதானத்துக்கு வந்து, காலி நாற்காலிகளுக்கும் மிச்சமிருந்த போலீஸுக்கும் ஒரு நாய்க்கும் முன்னால் தாய்மாமன் உறவின் பெருமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாராம்.

டிக்கெட் கிடைக்கவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா? நேசையனுக்கும் அவர் கட்சியில் கொடுக்கவில்லை. எதிரியின் வீட்டுக்குச் சீர் கொண்டுபோனவர் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக நிற்கிறவர் 'உங்கள் சித்தப்பா' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சித்தப்பாவுக்குச் செய்முறை எதுவும் கிடையாது, யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்.

அண்ணன் மறுபடியும் மைக்செட் கடையைத் திறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறான். கார் இல்லை, பஸ்ஸில்தான். வெள்ளை வேட்டிகள் யாரும் கூட வருவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாயி ஓடிப்போய் அவன் முதுகைத் தொட்டுப் பார்த்துவிடுகிறாள். கம்மல் ஆட அவள் கேட்கிற கேள்விகளுக்கு அவன் மைக் இல்லாமலே பதில் சொல்கிறான்.

போன ஞாயிறு அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரசம் எடுத்து வருகிற சாக்கில் நான் பின்னால் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், நானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"என்னட்டி?" என்றான் திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடு" என்றேன்.